கிரேக்க தேசத்தில் நாட்டாமை செய்த உன் அப்பன்

அம்மிணிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. பட்டாளத்தில் இருந்த இருபத்து மூன்று வருஷமும் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், பாதிக் கடிதங்களில் அது புளுகு. இன்றைக்குச் சத்தியமாக எல்லாரும் சௌக்கியம். கிணற்றில் இரண்டு ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. கல்யாணப் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்க வந்தவனிடம் உன் பெரியப்பா, ரெண்டு நாள் கெடக்கட்டும், போறவங்க வாறவங்க பாக்கட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பந்தலுக்கு அடியில் பெஞ்சு போட்டுத்தான் இதை எழுதுகிறேன். உன்னைச் சேலத்துக்கு ஏற்றிவிட்ட அன்று, பஸ் புறப்படுகிற நேரத்தில் தலையை வெளியே நீட்டி, "பெரியப்பாவ எப்படீங்கப்பா வர வெச்சீங்க?" என்று கேட்டாய். பஸ் நிறைய நம் ஊர் ஜனம். சுபேதார் என்ன சொல்லப் போகிறார் என்று அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுதுகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும். அஸ்தம்பட்டியில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் அவர்களுக்கும் படித்துக் காட்டு, எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. உனக்குத் தெரிந்த சங்கதிகளும் இதில் வரும். அவை மாப்பிள்ளைக்காக.

ஐப்பசியில் மாப்பிள்ளை வீட்டார் திருச்செங்கோட்டிலிருந்து உன்னைப் பார்க்க வந்தார்கள் அல்லவா, அன்றைக்கு நீ உள்ளே இருந்தாய், முன்னால் நடந்தது உனக்கு அரையும் குறையுமாகத்தான் தெரியும். உன்னை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஜாதகம், படிப்பு எல்லாம் பேசி முடித்து, மோர் கொண்டுவந்து வைத்தேன். ஒருவரும் டம்ளரைத் தொடவில்லை. சம்மதம் ஆகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் எல்லாம் பேசி முடித்த பிறகு என்ன தயக்கம் என்று புரியவில்லை. உன் மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க சுபேதாரே. நீங்க ஒண்டியாளு. பொண்ணத் தாரை வாத்துக் குடுக்கறதுக்குத் தம்பதியா ஆரு நிப்பாங்க? கூடப் பொறந்த அண்ணன் அடுத்த ஊட்டுல இருக்கறாரு, பேச்சே இல்லீன்னு சொல்றாங்க. அத ஒரு வழி பண்ணீட்டுச் சொல்லியனுப்புங்க, அப்ப வந்து கை நனைக்கறோம்." பதினைந்து நாள் பொறுப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். ஆறு டம்ளர் மோரும் அப்படியே இருந்தது. நீ சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். அந்தப் பையனை உனக்குப் பிடித்திருந்தது என்று உன் முகத்திலேயே எழுதியிருந்தது, அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது நான் லீவில் வந்து செய்த காரியம் அந்தப் பேச்சில்லாமைக்குக் காரணம். நம் கிணறு உன் தாத்தா காலத்திலிருந்து பொது. அண்ணனுக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள் என்று முறை. நான் சாப்பர் படையில் இருந்தேன். பாறையை உடைக்கிறது, பாலம் கட்டுகிறது, வேட்டு வைக்கிறது, இதுதான் எங்கள் பிழைப்பு. அந்தக் கோடையில் ஊற்றுச் சிறுத்துப்போயிருந்தது. ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் பத்து நாள் ஆகும் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மலையையே பெயர்க்கிறவனுக்கு ஒரு கிணறு எந்த மூலைக்கு என்று நினைத்தேன். அண்ணனுடைய முறை நாளில், அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவரைக் கேட்காமலே துளை போட்டு மருந்தைக் கெட்டித்து வெடித்தேன். பட்டாளத்துப் பாறை வேறு, நம் ஊர்ப் பாறை வேறு என்று வெடித்த பிறகுதான் தெரிந்தது. கிழக்குப் பக்கம் முழுக்கச் சரிந்து விழுந்தது. அண்ணன் மாடு கட்டி இறைக்கிற கவலை மேடை, கல்லும் மரமுமாக, கிணற்றுக்குள்ளே போய்விட்டது. ஊற்றுக்கண் அதற்கு அடியில் புதைந்துபோனது.

சந்தையிலிருந்து வந்து அவர் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நான் அப்போதே, அண்ணா தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் பத்து நாள் சண்டையோடு போயிருக்கும். நான் சொன்னது என்ன தெரியுமா? மேடையை ஒழுங்காகக் கட்டியிருந்தால் விழுந்திருக்காது என்று சொன்னேன். அவர் திரும்பி நடந்தார். அன்றைக்கு நின்றது பேச்சு. அவர் மேற்குப் பக்கம் வேறு மேடை கட்டிக்கொண்டார். அரைக் கிணறு கல்லோடு, தோண்டின குழியில் ஊறுகிற தண்ணீரை இரண்டு வீடும் முறை போட்டு இறைத்தோம். கல்லை எடுக்க ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டுமே, அதனால் பதிமூன்று வருஷம் ஒருவரும் எடுக்கவில்லை. நான் லீவு முடிந்து போய்விட்டேன். அண்ணனுக்கு என் மேல் பொறாமை என்று பட்டாளத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு உலகத்துப் பெரிய சண்டை வந்தது. நான் பாலைவனத்தில் இருந்தபோது உன் அம்மா போய்விட்டாள். அந்தச் சேதி என் கைக்கு வரும்போது அவள் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. உன்னைப் பெரியம்மா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று கணக்குப்பிள்ளை எழுதியிருந்தார். என் பிள்ளை அந்த வீட்டில் சாப்பிடுகிறதா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உன் அம்மாவை நினைத்து அழுதது அதற்கு அப்புறம். இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. ஆனால் அன்றைக்கு உன் அப்பன் அப்படிப்பட்ட ஆள்தான்.

அங்கிருந்து இத்தாலி, இத்தாலியிலிருந்து கிரேக்க தேசம். நாற்பத்து நான்காம் வருஷக் கடைசியில் எங்களைக் கப்பலில் கொண்டுபோய் ஒரு துறைமுகத்தில் இறக்கினார்கள். ஜெர்மன்காரன் ஓடிப்போய்விட்டான், இனி கொஞ்சம் பாலம் கட்டுகிற வேலைதான் என்று சொல்லியிருந்தார்கள். இறங்கினால் தெருவுக்குத் தெரு துப்பாக்கிச் சத்தம். சுடுகிறவனும் கிரேக்கன், சாகிறவனும் கிரேக்கன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கப்பலில் வேலை பார்த்து இங்கிலீஷ் கற்றுக்கொண்ட ஒருவன் எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வந்தான், அவன்தான் விளக்கினான். ஜெர்மன்காரன் மூன்று வருஷத்துக்கு மேல் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தான். முதல் குளிர்காலத்திலேயே பட்டினியால் தெருவில் விழுந்து செத்தவர்களை வண்டியில் அள்ளிப் போட்டார்களாம். ராஜாவும் மந்திரிகளும் கப்பல் ஏறி வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஜனத்தில் ஒரு கூட்டம் மலையேறிப் போய், மறைந்திருந்து ஜெர்மன்காரனை அடித்தது. இன்னொரு கூட்டம், கீழேயே இருந்து, பயத்திலோ பசியிலோ அவனுக்கு வளைந்து கொடுத்தது. ஜெர்மன்காரன் போனதும் பழைய மந்திரிகள் வெள்ளைக்காரன் துணையோடு திரும்பி வந்து, மலையில் இருந்தவர்களைத் துப்பாக்கியைக் கீழே வை என்றார்கள். நாங்கள் சண்டை போட்டோம், நீங்கள் வந்து உட்கார்ந்துகொண்டு எங்கள் துப்பாக்கியைக் கேட்கிறீர்களா என்று அவர்களுக்கு ஆத்திரம். தலைநகரத்தில் ஊர்வலம் போன ஜனத்தைப் போலீஸ் சுட்டது. அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டுக்கு வீடு யுத்தம். நாங்கள் யார் பக்கம் என்று கேட்காதே. வெள்ளைக்காரன் காட்டின பக்கம் நின்றோம். அவன் சொன்ன சுவரில் வேட்டு வைத்தேன். அந்தச் சுவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

மாசி மாதத்தில் ராஜி பேசி முடித்தார்கள். மலைக்காரர்கள் துப்பாக்கியை ஒப்படைத்தார்கள். எங்களை வடக்கே ஒரு மலைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். ஊருக்கு நடுவில் ஓடை, அதன் மேல் இருந்த கல் பாலம் வெடித்துக் கிடந்தது. அதைக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் இரண்டு பேர் என்று ஊர் ஆட்களை வேலைக்கு எடுத்தேன். அந்தப் பக்கத்தவன் ஒருவன், இந்தப் பக்கத்தவன் ஒருவன், இரண்டு பேரும் மூக்கும் முழியும் ஒரே அச்சு. கல்லைக் கைமாற்றுகிற இடத்தில் எதிர்ப்பட்டால் கல்லைத் தரையில் வைத்துவிட்டு ஒருவன் போவான், மற்றவன் வந்து எடுப்பான். நம் வீட்டில் பார்த்துப் பழகின சங்கதி, எனக்கு உடனே புரிந்துவிட்டது. விசாரித்தேன். ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பெரியவன் மலையேறினவன், அந்தப் பாலத்தை வெடித்ததே அவன்தான், ஜெர்மன் லாரி வரக்கூடாது என்று. பாலம் உடைந்ததற்குப் பழிவாங்க ஜெர்மன்காரன் வந்து ஊரில் பத்துப் பேரை நிறுத்திச் சுட்டான். அதில் அவர்களுடைய அக்காள் புருஷனும் ஒருவன். சின்னவன் அதற்கப்புறம் எதிர்க் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டான். இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அந்த நாட்டுச் சண்டை முழுவதும் அந்த ஒரு வீட்டுக்குள் இருந்தது அம்மிணி.

பாலம் முடிந்த அன்றைக்கு அந்த அக்காள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சித்திரை வெயில், முற்றத்தில் மேஜை போட்டு, ரொட்டி, ஆட்டுப் பாலாடைக் கட்டி, ஆலிவ் காய், எங்கோ அலைந்து பிடித்த ஒரு ஆட்டுக்கறி. தம்பிமார் இரண்டு பேரும் மேஜைக்கு ஆளுக்கொரு கோடியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. எனக்குள்ளே இருந்த நாட்டாமை முழித்துக்கொண்டான். எழுந்து நின்று கையைக் கும்பிட்டு, இவர்கள் இரண்டு பேரும் பேசினால்தான் நாங்கள் இந்த வீட்டில் கை நனைப்போம், இது எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லச் சொன்னேன். மொழிபெயர்க்கிறவன் வெளிறிப்போய், வேண்டாம் சார் என்றான். சொல்லு என்றேன். சொன்னான். நம் ஊராக இருந்தால் பெரியவர்கள் நாலு பேர் கூடி, சரி சரி என்று சமாதானம் பேசியிருப்பார்கள். அங்கே பஞ்சத்தில் அடிபட்ட வீடு, ஒளித்து வைத்திருந்த மாவில் சுட்ட ரொட்டி, அதைத் தள்ளி வைக்கிறவன் அந்த வீட்டின் மேல் காறித் துப்புகிறவன். அந்த அம்மாள் முகம் செத்துவிட்டது. பெரியவன் மேஜையைக் குத்திக்கொண்டு எழுந்து என்னைத் திட்ட ஆரம்பித்தான். அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் சின்னவன் எழுந்து பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் மாறி மாறி, ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் தொடங்கி, என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி வாங்கு வாங்கு என்று வாங்கினார்கள். மொழிபெயர்க்கிறவன் என் காதில், சார், எங்கள் வீட்டு ரொட்டி, எங்கள் அக்காள் என்று சொல்கிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து 'எங்கள்' என்கிறார்கள் என்றான். அக்காள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, திட்டுவதை நிறுத்தினார்கள். நான் ரொட்டியை எடுத்துக் கடித்தேன். அன்றைக்கு அந்த முற்றத்தில் ஆடினோம், பாடினோம். ஒரு யுத்தத்தையே முடித்துவிட்ட கர்வத்தோடு முகாமுக்குத் திரும்பினேன்.

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் பேசினார்கள். ஆனால் என்ன பேசினார்கள் என்று கேள். பாலத்தை உடைத்தது நான்தான், ஆனால் நீ அவனுக்குப் பல்லைக் காட்டினாயே என்பான் பெரியவன். பல்லைக் காட்டினேன், ஆனால் மச்சான் செத்தது யாரால் என்பான் சின்னவன். 'ஆனால்' என்பதற்கு அவர்கள் பாஷையில் 'மா'. நாள் முழுக்க இரண்டு பேரும் மா, மா என்றுதான் இருந்தார்கள். ஒருவனாவது அந்த வார்த்தை இல்லாமல் ஒரு வாக்கியத்தை முடித்திருந்தால் விஷயம் வேறாகியிருக்கும். அதற்குள் காலம் அவர்களை முந்திக்கொண்டது. துப்பாக்கியை ஒப்படைத்த மலைக்காரர்களைத் தேடித் தேடி அடிக்கிறது என்று எதிர்க் கூட்டம் கிளம்பியது. ராஜியில் எழுதினது எழுதினபடி கிடந்தது. ஒரு நாள் காலையில் சின்னவனுடைய கூட்டாளிகள் பெரியவனைத் தேடிக்கொண்டு நாங்கள் கட்டின பாலத்தின் மேலேயே நடந்து வந்தார்கள். சின்னவன் அண்ணனைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, வந்தவர்களைத் தடுக்கவும் இல்லை, ஓரமாக நின்றான். பெரியவன் பின்பக்கமாக மலையேறிவிட்டான். அதற்கடுத்த மாதம் எங்களை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மறு வருஷம் மலையில் மறுபடி யுத்தம் பிடித்துக்கொண்டது என்று கப்பலேறி ஊருக்கு வந்த பிறகுதான் பேப்பரில் படித்தேன்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்தவன் ஊருக்கு வந்ததும் என்ன செய்தேன்? உனக்கு அப்போது பதினெட்டு வயது. பெரியம்மா வீட்டு வாசலில் நீ கடலைக்காய் தொலித்துக்கொண்டிருந்தாய். நான் ட்ரங்குப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு நேரே அங்கே வந்து, உன் கையைப் பிடித்து, நட ஊட்டுக்கு என்று இழுத்துக்கொண்டு வந்தேன். பெரியம்மா கூடவே நாலு அடி வந்து நின்றுவிட்டாள். பெரியப்பா கட்டுத்தறியில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இனி அந்த வாசலை மிதித்தால் காலை உடைப்பேன் என்றேன். மூன்று வருஷம் உன்னைச் சோறு போட்டு வளர்த்த வாசல் அது. நீ மிதிக்கவில்லை. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை என்று எனக்குப் பெருமை வேறு.

இனி ஐப்பசிக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டார் மோரைத் தொடாமல் போன மறுநாள், அண்ணனுக்கு ஆள் மேல் ஆள் விட்டேன். சுபேதாருடைய உத்தரவு மாதிரிதான் சொல்லியனுப்பினேன், பிள்ளைக்காகப் பழசை மறந்துவிட்டு வரச் சொல் என்று. மறக்க வேண்டியவர் அவர் என்பது போல. பதில் வந்தது: புள்ளைய எங்கூட்டுல இருந்து இழுத்துட்டுப் போனவன் அவன், வாயத் தொறந்து கேக்கறதுன்னா அவனே வந்து கேக்கட்டும். நான் முறுக்கிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். நீ அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதே. பதினைந்து நாளில் நாலு நாள் மிச்சம் இருக்கும்போது, வேறு வேலையாகத் திருச்செங்கோட்டுக்குப் போனவன் டீக்கடையில் பேப்பரைப் பார்த்தேன். கிரேக்க தேசத்துச் சண்டை ஓய்ந்துவிட்டது என்று ஒரு ஓரத்தில் பத்து வரி. அமெரிக்காக்காரன் ஆகாய விமானம் கொடுத்தானாம், வடக்கே எல்லையை அடைத்துவிட்டார்களாம், மலையில் மிச்சமிருந்தவர்கள் சண்டையை நிறுத்திக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு பக்கம் ஜெயித்துவிட்டது. அந்தப் பெரியவன் உயிரோடு இருக்கிறானா, சின்னவன் அவனை மறுபடி பார்த்தானா, பத்து வரியில் அதெல்லாம் வராது. டீ ஆறிப்போயிற்று. இவர்களுக்கு இனிமேல் வழி இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது, நான் என்ன எழவுக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஏழு மைலையும் நடந்தே வந்தேன்.

மறுநாள் காலை அண்ணனுடைய முறை. அவர் மேற்கு மேடையில் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பட்டணத்துப் படிப்பு, அதனால் சொல்கிறேன்: மாடு சரிவில் இறங்கினால் வடம் இழுத்துச் சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். அப்புறம் மாட்டைப் பின்பக்கமாகவே நடத்தி மேலே கொண்டுவந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும். நாள் முழுக்க அந்தச் சரிவில் இறக்கமும் ஏற்றமும்தான். நான் போய் நின்றேன். அவர் மாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் அவர் கூடவே சரிவில் இறங்கினேன், கூடவே பின்பக்கமாக நடந்து ஏறினேன். அண்ணா, கெணத்தக் கெடுத்தது நான்தான், என்றேன் இறங்கும்போது. உங்களக் கேக்காம உங்க மொறையில வேட்டு வெச்சேன், என்றேன் ஏறும்போது. மேடைமேல பழி போட்டேன், அது பொய்யி, என்றேன் அடுத்த இறக்கத்தில். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் 'ஆனால்' என்று ஒரு வார்த்தை பல்லுக்குள் வந்து நின்றது. ஆனால் நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஆனால் ஊற்று வரட்டும் என்றுதானே செய்தேன், ஆனால் நான் சின்னவன். ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றையும் விழுங்கினேன். பட்டாளத்தில் குண்டுக்கு நடுவில் பாலம் கட்டியிருக்கிறேன், இவ்வளவு வேர்த்ததில்லை. அவர் பாட்டுக்குப் பத்துச் சால் இறைத்தார். பதினோராவது சால் சேற்றில் போய் இடித்தது. தண்ணீர் அவ்வளவுதான். மாடு நின்றது.

அப்போதுதான் திரும்பினார். "கெணத்த உடுடா," என்றார். "கல்லு உளுந்தா எடுத்துக்கலாம். அந்தப் புள்ள மூணு வருசம் எங்கூட்டுல இருந்துச்சு. ஒம்பொண்டாட்டி போனன்னிக்கு ராவெல்லாம் எங்கழுத்தக் கட்டிக்கிட்டு அழுத புள்ள. அத ஒரு வார்த்த சொல்லாம தரதரன்னு இழுத்துட்டுப் போனியே, அதுக்கு என்ன சொல்ற?" அதற்கு நான் தயார் பண்ணிக்கொண்டு போகவில்லை. கிணற்றுக்குத்தான் கோபம் என்று பதிமூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். "அதுவும் நான்தாண்ணா பண்ணுனேன்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் சாட்டைக்கோலைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பெரியம்மாவிடமும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏனுங்க கொழுந்தனாரே, இதச் சொல்றதுக்கு மூணு வருசமா?" என்று கேட்டுவிட்டு வட்டிலில் கம்மஞ்சோறு போட்டாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மிச்சத்தை நீயே பார்த்தாய். மூன்று நாளில் இரண்டு வீடும் சேர்ந்து கிழக்குச் சரிவுக் கல்லை எடுத்தோம். கடைசியில் ஒரு பெரிய பாறை அசைய மாட்டேன் என்றது. வேட்டு வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அண்ணன்தான், மருந்து எங்கேடா என்றார். ஆனால் துளை போடுகிற இடத்தை அவர் காட்டினார், எவ்வளவு ஆழம் என்று அவர் சொன்னார். ஐந்து பாலத்தை நிறுத்தின சுபேதார், சரிங்கண்ணா, சரிங்கண்ணா என்று குனிந்து துளைத்தேன். ஊரே கிணற்று மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. சின்ன வேட்டு. பாறை இரண்டாகப் பிளந்தது. அதற்கு அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தபோது ஊர் போட்ட கூச்சல் சங்ககிரிக்குக் கேட்டிருக்கும். நான் நனைந்து நின்றேன். அண்ணன் நனைந்து நின்றார். எனக்கு நாற்பத்து நாலு வயது, அவருக்கு ஐம்பது, கிணற்றுக்குள் இரண்டு பேரும் பிள்ளைகளைப் போலத் தண்ணீரை அடித்துக்கொண்டு ஆடினோம். எத்தனையோ ஊரில் கொடி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். வெற்றி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மோர், பலகாரம், சாப்பாடு, ஒன்று விடாமல் கை நனைத்தார்கள். உன் மாமனார் கிணற்றைப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து இரண்டாவது டம்ளர் மோர் கேட்டார். கார்த்திகையில், ஊர் நிறைந்த பந்தலில், பெரியப்பாவும் பெரியம்மாவும் உன் கையைப் பிடித்துத் தாரை வார்த்தார்கள். நான் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஜில்லாவில் என்னைப் போல் ஜெயித்தவன் அன்றைக்கு எவனும் இல்லை.

உனக்குப் புத்தி சொல்லி அனுப்பவில்லையே என்று நினைத்திருப்பாய். ஒன்றே ஒன்று சொல்கிறேன். மாப்பிள்ளையோடு சண்டை வரும், வராத வீடு கிடையாது. சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறது, சாப்பிடவைத்துச் சமாதானம் பண்ணுகிறது, இரண்டும் உதவாது. கிரேக்க தேசத்தில் நான் சாப்பிடவைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. தப்பு உன்னுடையதானால் அதை வாயால் சொல், சொல்லி முடித்ததும் நிறுத்திக்கொள். மாப்பிள்ளைக்கும் அதுதான். நாடு பிளந்தது போல வீடு பிளப்பதற்கு ஜெர்மன்காரன் வரவேண்டியதில்லை, நானே அதைத் தனியாகச் செய்திருக்கிறேன்.

இனி, இந்தக் கடிதம் எழுதியதற்கு உண்மையான காரணம். உன் பஸ் போன பிறகு நானும் அண்ணனும் திரும்பி நடந்து வந்தோம். கல்யாணம் எப்படி, சாப்பாடு எப்படி என்று நான் மார்தட்டிக்கொண்டே வந்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் நின்று, "எங்கிட்டச் சொன்ன, உங்க அண்ணிகிட்டச் சொன்ன. அவகிட்டச் சொன்னியாடா?" என்று கேட்டார். நான் திரும்பி உன் பஸ் போன ரோட்டைப் பார்த்தேன். பஸ் தூசி இன்னும் அடங்கவில்லை.

அம்மிணி, அன்றைக்கு உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது தப்பு. உன்னை வளர்த்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொன்னது தப்பு.

உன் அப்பன்.